‘இன்ஸ்ட்ரக்ட்’ என்றால் கற்பிப்பதா, கட்டளையிடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பில் என்னைத் தடுக்கி விழ வைத்த ஆங்கில வினைச்சொற்களில் ‘இன்ஸ்ட்ரக்ட்’ ஒன்று. பார்க்க எளிய சொல், அகராதியில் பொருளும் நாலைந்துதான். ஆனால் வாக்கியத்தில் உட்காரும்போது அதன் குணம் மாறிவிடும். இதைப் பற்றி மாணவர்களும், மின்னஞ்சல் எழுதுகிற நண்பர்களும், என்னைப் போல மொழிபெயர்க்கிறவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

ஒரே சொல்லில் இதற்குத் தமிழ் என்ன?

ஒரே சொல் கிடையாது. ஒரு பக்கம் கற்பி, பயிற்று, சொல்லிக்கொடு. இன்னொரு பக்கம் அறிவுறுத்து, பணி, உத்தரவிடு. எதை எடுப்பது என்பதை அந்த வினையை அடுத்து வருகிற சின்னச் சொல் காட்டிக்கொடுக்கும்.

‘ஹி இன்ஸ்ட்ரக்டெட் அஸ் இன் ஸ்விம்மிங்’ என்றால் அவர் எங்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். ‘ஹி இன்ஸ்ட்ரக்டெட் அஸ் டு ஸ்விம்’ என்றால் எங்களை நீந்தச் சொன்னார். முதல் வாக்கியத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைக் காலை அசைக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதில் கரையில் ஒருவர் நின்று ‘ம், குதி’ என்கிறார், நமக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா என்பது அந்த வாக்கியத்துக்குக் கவலையே இல்லை. ‘இன்’ என்பதற்கும் ‘டு’ என்பதற்கும் நடுவே அவ்வளவு தூரம்.

சுருக்கமாக இப்படி நினைவில் வையுங்கள்: ‘இன்’ வந்து பின்னால் ஒரு துறையோ திறனோ வந்தால் கற்பித்தல். ‘டு’ வந்து பின்னால் ஒரு செயல் வந்தால் பணித்தல். ‘ஹவ் டு’ அல்லது ‘ஆன் ஹவ் டு’ வந்தால், ‘டு’ இருந்தாலும் அது கற்பித்தல்தான், ஏனென்றால் அங்கே பேச்சு ‘எப்படி’ என்பதைப் பற்றியது.

கற்பிப்பதும் கட்டளையிடுவதும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன?

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இன்ஸ்ட்ருவெரே’ என்ற லத்தீன் வினையில் ‘ஸ்ட்ருவெரே’ என்பது அடுக்குதல், கட்டுதல். கட்டமைப்பைக் குறிக்கும் ‘ஸ்ட்ரக்சர்’, கட்டுதலைக் குறிக்கும் ‘கன்ஸ்ட்ரக்ட்’, கட்டியதை இடிக்கும் ‘டிஸ்ட்ராய்’, கருவி என்ற பொருளில் வரும் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ எல்லாம் அதே குடும்பம்தான். லத்தீனில் இந்தச் சொல்லுக்கு ஒழுங்காக அமைத்தல், வேண்டியதைக் கொடுத்துத் தயார்படுத்தல் என்றெல்லாம் பொருள். போருக்குப் படையை அணிவகுத்து நிறுத்துவதற்கும் இதே வினையைத்தான் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்துக்கு இது 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து சேர்ந்தது.

அப்படிப் பார்த்தால் இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை. ஒருவரை ஒரு காரியத்துக்குத் தயார்படுத்துவது இரண்டுக்கும் பொது. அறிவைக் கொடுத்துத் தயார்படுத்தினால் கற்பித்தல். ‘இதை இப்படிச் செய்’ என்று சொல்லித் தயார்படுத்தினால் பணித்தல்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆங்கிலச் சொல் அடுக்கிக் கட்டுகிறது. தமிழில் ‘கல்லுதல்’ என்றால் தோண்டுதல், ‘கல்வி’யின் வேரை அங்கே காண்கிறவர்கள் உண்டு. தோண்டத் தோண்ட நீர் ஊறும் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கிய மொழியில் அது பொருத்தமாகத்தான் ஒலிக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் ‘கல்’ என்பதிலிருந்தே ‘கற்பி’ பிறக்கிறது, ‘பயில்’ என்பதிலிருந்தே ‘பயிற்று’ பிறக்கிறது. தன்வினையிலிருந்து பிறவினை. கற்பிப்பது என்றால் கற்கச் செய்வது, எதிரே இருப்பவர் கற்றே ஆக வேண்டும். ‘இன்ஸ்ட்ரக்ட்’ என்ற சொல்லுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. சொல்ல வேண்டியதை முறையாகச் சொல்லி முடித்தாலே அது நிறைவேறிவிடும், கேட்டவர் கற்றாரா என்பது வேறு கணக்கு.

‘டீச்’ இருக்கும்போது இது எதற்கு?

‘டீச்’ எங்கும் போகும். அம்மா பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுப்பது ‘டீச்’. பேராசிரியர் இயற்பியல் நடத்துவது ‘டீச்’. ஒருவர் தானே கிடார் கற்றுக்கொண்டால் ‘ஹி டாட் ஹிம்செல்ஃப்’. அனுபவம் பாடம் புகட்டினால் அதுவும் ‘டீச்’.

‘இன்ஸ்ட்ரக்ட்’ அவ்வளவு சுதந்திரமானதல்ல. முறையாக, படிப்படியாக, பெரும்பாலும் செய்முறைத் திறன் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதற்கு அது பொருந்தும். அதனால்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், நீச்சல் சொல்லிக்கொடுப்பவர், பனிச்சறுக்கு பயிற்றுவிப்பவர் எல்லோரும் ‘இன்ஸ்ட்ரக்டர்’. பள்ளியில் கணக்கு நடத்துபவர் ‘டீச்சர்’. அமெரிக்கக் கல்லூரிகளில் மட்டும் பாடம் நடத்துகிற யாரையும் ‘இன்ஸ்ட்ரக்டர்’ என்று சொல்வதுண்டு, சில இடங்களில் அது உதவிப் பேராசிரியருக்குக் கீழே உள்ள ஒரு பதவியின் பெயரும்கூட.

இலக்கணத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது, தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான். ‘ஷீ டாட் அஸ் ஃபர்ஸ்ட் எய்ட்’ என்று சொல்லலாம். ‘ஷீ இன்ஸ்ட்ரக்டெட் அஸ் ஃபர்ஸ்ட் எய்ட்’ என்று சொல்ல முடியாது. நடுவில் ‘இன்’ வேண்டும். ‘டீச்’ இரண்டு செயப்படுபொருளைத் தாங்கும், ‘இன்ஸ்ட்ரக்ட்’ ஒன்றைத்தான் தாங்கும்.

‘ட்ரெய்ன்’, ‘எஜுகேட்’ இவற்றோடு ஒப்பிட்டால்?

‘ட்ரெய்ன்’ என்பது திரும்பத் திரும்பச் செய்ய வைத்துப் பழக்குவது. நாயை ‘ட்ரெய்ன்’ பண்ணலாம், ‘இன்ஸ்ட்ரக்ட்’ பண்ண முடியாது. நாயின் உரிமையாளரை வேண்டுமானால் பண்ணலாம். ‘எஜுகேட்’ ஆண்டுக்கணக்கில் ஓர் ஆளை உருவாக்குகிற சமாச்சாரம். ஒரு பிற்பகலில் யாரையும் ‘எஜுகேட்’ செய்ய முடியாது, ‘இன்ஸ்ட்ரக்ட்’ செய்ய அரை மணி நேரம் போதும்.

‘ஆர்டர்’, ‘கமாண்ட்’, ‘டைரக்ட்’, ‘அட்வைஸ்’: இவற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

‘அட்வைஸ்’ என்பதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது ஆலோசனை, கேட்கலாம், கேட்காமலும் போகலாம். மற்ற மூன்றிலும் கேட்டே ஆக வேண்டும்.

‘கமாண்ட்’ படை வாசனை உள்ள சொல். ‘ஆர்டர்’ அதிகாரத்தை நேராகக் காட்டும், காரணமோ விளக்கமோ தரத் தேவையில்லை. ‘டைரக்ட்’ அலுவலக மொழிக்கும் நீதிமன்ற மொழிக்கும் நெருக்கம், ‘இன்ஸ்ட்ரக்ட்’ என்பதோடு பல இடங்களில் இடம் மாற்றிக்கொள்ளும்.

‘இன்ஸ்ட்ரக்ட்’ என்பதற்குள் கட்டளையோடு கொஞ்சம் செய்முறையும் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘கட்டடத்தை விட்டு வெளியேறு’ என்று மட்டும் சொன்னால் ‘ஆர்டர்’. ‘மின்தூக்கியைப் பயன்படுத்தாமல், இடப்பக்கப் படிக்கட்டில் இறங்கி, வாசலுக்கு எதிரே கூடுங்கள்’ என்றால் அங்கே ‘இன்ஸ்ட்ரக்ட்’ இயல்பாக உட்காரும். கட்டளையிடும் பொருளில் வரும்போதும் உள்ளே இருக்கிற வாத்தியார் முழுதாக வெளியே போய்விடுவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஹி இன்ஸ்ட்ரக்டெட் டு மீ’ என்று எழுதலாமா?

கூடாது. ‘ஹி இன்ஸ்ட்ரக்டெட் மீ’ என்பதே சரி.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தத் தவறு தானாக வந்துவிடும். ‘எனக்குச் சொல்லிக்கொடுத்தார்’, ‘எனக்கு உத்தரவிட்டார்’ என்று நாம் நான்காம் வேற்றுமை போடுகிறோம். அந்தக் ‘கு’ உருபு ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டு’ என்று உருமாறிக் குறுக்கே நிற்கிறது. இதற்கு நேர் எதிர் ‘எக்ஸ்ப்ளெய்ன்’. அதற்கு ‘டு’ கட்டாயம்: ‘ஹி எக்ஸ்ப்ளெய்ன்ட் இட் டு மீ’. நம்மில் பலர் இரண்டையும் தலைகீழாகப் போடுகிறோம். வேண்டிய இடத்தில் ‘டு’ இருக்காது, வேண்டாத இடத்தில் வந்து நிற்கும். இரண்டையும் ஜோடியாக மனப்பாடம் செய்தால் இரண்டும் ஒரே நாளில் சரியாகிவிடும்.

யாரை யார் ‘இன்ஸ்ட்ரக்ட்’ பண்ணலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்தச் சொல் மேலிருந்து கீழே மட்டும் ஓடும். சொல்கிறவரிடம் அறிவோ அதிகாரமோ, இரண்டில் ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும். ‘தெரிவித்தேன்’, ‘சொன்னேன்’ என்பதற்கு மரியாதையான ஆங்கிலம் இதுதான் என்று நினைத்துப் பயன்படுத்தினால் வம்பு.

பட்டது நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது. மேலதிகாரி ஒருவர் ஒரு கோப்பு அனுப்ப வேண்டியிருந்தது. போன வாரமே கேட்டிருந்தேன், வரவில்லை. ‘ஏற்கெனவே சொல்லியிருந்தேனே’ என்பதைப் பணிவாக எழுத வேண்டும் என்று யோசித்து யோசித்து, ‘ஆஸ் ஐ ஹாட் இன்ஸ்ட்ரக்டெட் யூ லாஸ்ட் வீக்’ என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘எஸ், சர்.’ அவ்வளவுதான். கோப்பும் இணைக்கப்பட்டிருந்தது. அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னை ஒருநாளும் ‘சர்’ என்று அழைத்தவரல்ல. நான் எழுதியதற்கு என்ன பொருள் என்று அகராதியைப் புரட்டிப் பார்த்தபோது காது சூடாகிவிட்டது.

அங்கே எழுதியிருக்க வேண்டியது ‘ஆஸ் ஐ மென்ஷன்ட்’ அல்லது ‘ஐ ஹாட் ரிக்வெஸ்டெட்’. அவர் சொன்னபடி நான் ஒன்றைச் செய்து முடித்துவிட்டு ‘ஆஸ் இன்ஸ்ட்ரக்டெட்’ என்று எழுதினால் அது முற்றிலும் சரி, ஏனென்றால் அப்போது சொல் மேலிருந்து கீழே வருகிறது. வாடிக்கையாளருக்கும் இதை எழுத வேண்டாம். ‘யூ ஆர் இன்ஸ்ட்ரக்டெட் டு பே’ என்று படித்தால் யாருக்கும் பணம் கட்டத் தோன்றாது, சண்டை போடத்தான் தோன்றும்.

மனிதர்கள்தான் எழுவாயாக வர வேண்டும் என்பதில்லை. அறிவிப்புப் பலகை, கடிதம், கையேடு, உயில் எல்லாம் ‘இன்ஸ்ட்ரக்ட்’ செய்யும். பின்னால் ஓர் அதிகாரம் நின்றால் போதும்.

‘நாட்’ எங்கே வர வேண்டும்?

இடம் மாறினால் பொருள் மாறும். ‘ஷீ இன்ஸ்ட்ரக்டெட் மீ நாட் டு ஓபன் இட்’ என்றால் திறக்கக் கூடாது என்று சொன்னார். திறந்தால் அது மீறல். ‘ஷீ டிட் நாட் இன்ஸ்ட்ரக்ட் மீ டு ஓபன் இட்’ என்றால் திறக்கும்படி அவர் சொல்லவில்லை. திறந்தால் அது மீறலா, சொந்த முடிவா என்பது தனி விவாதம். விசாரணை அறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது இந்த வேறுபாட்டின் மேல் ஒருவருடைய வேலையே தொங்கிக்கொண்டிருக்கலாம். தமிழில் ‘திறக்கச் சொல்லவில்லை’ என்று எழுதும்போதும் இதே கவனம் தேவை, பேச்சில் அது இரண்டு பக்கமும் சாயும்.

‘இன்ஸ்ட்ரக்டெட் தட்’ என்று தொடங்கினால் வினை ஏன் விசித்திரமாக இருக்கிறது?

‘ஷீ இன்ஸ்ட்ரக்டெட் தட் த கேட் பீ க்ளோஸ்ட்’. இதில் ‘இஸ்’ என்றோ ‘வாஸ்’ என்றோ வராமல் ‘பீ’ வருவது அச்சுப்பிழையல்ல. நடந்ததைச் சொல்லாமல், நடக்க வேண்டும் என்று விரும்புவதைச் சொல்லும் வடிவம் அது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதிகம் காணலாம், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஷுட் பீ’ என்று எழுதுவதும் உண்டு. கேட்டை மூடும்படி சொல்லப்பட்ட ஆள் யார் என்று தெரியாதபோது, அல்லது சொல்ல விருப்பமில்லாதபோது, இந்த வாக்கியம் கைகொடுக்கும்.

நாளிதழ்களில் வரும் ‘அறிவுறுத்தல்’ இதற்குச் சரியான தமிழா?

பாதி சரி. ‘அறிவுறுத்து’ என்பதும் ‘இன்ஸ்ட்ரக்ட்’ போலவே இரட்டை வேடம் போடும் சொல். அறிவு உள்ளே பதியும்படி எடுத்துச் சொல்வது அதன் பழைய பொருள். இன்றைய செய்தி மொழியில் அது ஆலோசனைக்கும் வருகிறது, உத்தரவுக்கும் வருகிறது. ‘வெயிலில் வெளியே வர வேண்டாம் என அறிவுறுத்தல்’ என்றால் ஆலோசனை. ‘மூன்று நாளில் அறிக்கை தர அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல்’ என்றால் உத்தரவு. படிக்கிறவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்கிறார்.

அதனால் நான் செய்வது இது: கேட்கவில்லை என்றால் விளைவு உண்டு என்று மூலத்தில் தெரிந்தால் ‘உத்தரவிட்டார்’ அல்லது ‘பணித்தார்’. விளைவு பெரிதாக இல்லை, ஆனால் சொல்பவருக்கு அதிகாரம் உண்டு என்றால் ‘அறிவுறுத்தினார்’. சாதாரணப் பேச்சு என்றால் ‘செய்யச் சொன்னார்’. இந்த மூன்றாவதை மொழிபெயர்ப்பாளர்கள் ஏனோ வெட்கப்பட்டு ஒதுக்குகிறார்கள். கதையில் ஒரு பாட்டி பேரனிடம் எதையோ எடுத்துவரச் சொன்னால், அவர் ‘பணித்தார்’ என்று எழுதாதீர்கள்.

வினாத்தாளின் தலைப்பில் ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ என்பதற்கு ‘அறிவுரைகள்’ என்று அச்சிட்டிருப்பது தனி ரகம். அறிவுரை என்றால் ‘நன்றாகப் படி, நேரத்தை வீணாக்காதே’ என்கிற மாதிரி ஏதோ வரும் என்று தோன்றும். கீழே பார்த்தால் ‘நீலம் அல்லது கருப்பு மையினால் மட்டுமே எழுதவும்’. பழகிவிட்ட வழக்கு, சண்டை பிடிப்பதில் பயனில்லை.

சட்ட ஆவணங்களில் இதன் பொருள் மாறுமா?

நன்றாகவே மாறும். ‘ஹி இன்ஸ்ட்ரக்டெட் எ சொலிசிட்டர்’ என்பதை ‘வழக்கறிஞருக்குக் கட்டளையிட்டார்’ என்று மொழிபெயர்த்தவர்கள் உண்டு. சரியான பொருள், வழக்கறிஞரை அமர்த்தினார், தன் சார்பில் செயல்படும்படி வழக்கை ஒப்படைத்தார். இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஒருவர் நீதிமன்றத்தில் வாதாட பாரிஸ்டரை அமர்த்தினாலும் அதே வினைதான். சட்டம் தெரிந்தவர் வழக்கறிஞர், ஆனால் வழக்கு கட்சிக்காரருடையது, அதிகாரம் அவர் பக்கம். ஆக, மேலிருந்து கீழே என்ற விதி இங்கும் உடையவில்லை. வழக்கறிஞர் கடிதத்தில் ‘வீ ஆர் இன்ஸ்ட்ரக்டெட் பை அவர் க்ளையன்ட் தட்’ என்று தொடங்கினால், ‘எங்கள் கட்சிக்காரர் எங்களிடம் தெரிவித்திருப்பதாவது’ என்று எழுதலாம்.

நடுவர் குழு உள்ள நீதிமன்றங்களில் இன்னொரு பயன்பாடு உண்டு. விசாரணை முடிந்து குழுவினர் தீர்ப்பை யோசிக்கப் போகும் முன், இந்த வழக்குக்குப் பொருந்தும் சட்டம் எது, எதைக் கணக்கில் எடுக்க வேண்டும், எதை எடுக்கக் கூடாது என்று நீதிபதி அவர்களுக்கு எடுத்துச் சொல்வார். அமெரிக்காவில் இதை ‘இன்ஸ்ட்ரக்ட் த ஜூரி’ என்பார்கள், இங்கிலாந்தில் ‘டைரக்ட்’ என்பார்கள். சட்டம் தெரியாத சாதாரண மக்களுக்குச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறார், சொன்னபடி நடக்கவும் கட்டளையிடுகிறார். இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

‘இன்ஸ்ட்ரக்ஷன்’ ஒருமைக்கும் பன்மைக்கும் பொருள் வேறா?

ஆமாம், பெரும்பாலும். ‘எஸ்’ சேராமல், எண்ண முடியாத பெயராக வந்தால் கற்பித்தல்: பயிற்று மொழி என்று நாம் சொல்வது ‘மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன்’. பன்மையில் வந்தால் செய்முறைக் குறிப்புகள் அல்லது உத்தரவுகள்: பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், மாத்திரை உறையில் உள்ள குறிப்பு, மேலிடத்து ஆணை.

‘இன்ஸ்ட்ரக்டிவ்’ கொஞ்சம் ஏமாற்றும். அது கட்டளை இடுவதல்ல, படிப்பினை தருவது. ஒரு தோல்வியைக்கூட ‘இன்ஸ்ட்ரக்டிவ்’ எனலாம். என் மின்னஞ்சல் சம்பவம் அந்த வகை. ‘இன்ஸ்ட்ரக்டர்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘ஓ’, ‘ஆர்’ வரும், ‘ஈ’ வராது.

கணினியில்?

கணினியின் மூளையான செயலி (‘ப்ராசஸர்’, கைப்பேசியில் இறக்கும் ‘ஆப்’ அல்ல) ஒரு தடவையில் எடுத்துச் செய்யும் ஒரு சின்ன வேலைக்கான ஆணை ‘இன்ஸ்ட்ரக்ஷன்’. இரண்டு எண்களைக் கூட்டு, இதை அந்த இடத்துக்கு நகர்த்து, அவ்வளவுதான். ஒரு செயலிக்குப் புரியும் ஆணைகள் முழுவதும் சேர்ந்து ஆணைத் தொகுதி. இங்கே கற்பித்தல் கிடையாது, கட்டளை மட்டும்தான்.

எப்படி உச்சரிப்பது?

அழுத்தம் இரண்டாம் அசையில்: இன்-ஸ்ட்ரக்ட். கடந்த காலத்தில் கடைசியில் ‘இட்’ என்று ஒரு தனி அசை கேட்க வேண்டும், மூல வினை ‘ட்’ ஒலியில் முடிவதால்.

‘இன்’ இல்லை, ‘டு’ இல்லை, வெறுமனே ‘ஷீ இன்ஸ்ட்ரக்டெட் த பிகினர்ஸ்’ என்று நின்றால்?

அப்போது பெரும்பாலும் கற்பித்தல்தான்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தார். கட்டளை என்றால் என்ன செய்யச் சொன்னார் என்று கூடவே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். ஆனால் முந்தைய வாக்கியத்தில் அந்தச் செயல் ஏற்கெனவே வந்திருந்தால் கதை மாறும். அதனால் ஒரு வரி மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேனாவை எடுக்கலாம்.